அரைச் சக்கரம் எங்கே போகிறது?

நாகர்கோவிலில் வெளிநாட்டு நாணயம் மாற்றும் கடைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுகுறுப்பு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? வாசலில் சிவப்பு எழுத்துப் பலகை ஓடிக்கொண்டிருக்கும். டாலர், யூரோ, பவுண்டு, திர்ஹாம், ரியால், தினார். ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு எண்கள். ஒரே காசுக்கு எதற்கு இரண்டு விலை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல வருஷம் சுற்றியிருக்கிறேன். கடைசியில் தெரிந்த ஒருவர் தயவில் ஒரு முற்பகல் முழுக்க உள்ளே உட்கார அனுமதி கிடைத்துவிட்டது! கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மற்றதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்.

முதலில் அந்த ஊதா விளக்கு! மேசைக்கு அடியில் சின்னப் பெட்டி மாதிரி இருக்கிறது. அமெரிக்க நோட்டை அதற்குள் நீட்டினால், காகிதத்துக்குள் ஓடும் நூல் ஒளிர்கிறது. 100 டாலர் என்றால் இளஞ்சிவப்பு, 50 மஞ்சள், 20 பச்சை, 10 ஆரஞ்சு, 5 நீலம். கவுண்டர் அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டக் காட்ட, தீபாவளிக் கடையில் நிற்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். கள்ள நோட்டு அடிப்பவன் ஐந்து டாலர் நோட்டை வெளுத்து நூறாக அச்சடித்தாலும், நூல் மட்டும் நீலமாகவே ஒளிர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இடையில் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முந்தானையில் முடிந்த ரியால் நோட்டுகள், கூடவே ஒரு பிடி நாணயங்கள். மகன் சவூதியில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறானாம்.

“இதுக்கு எவ்வளவு கிட்டும் மக்களே?”

“நோட்டுக்குத் தாறேன் அம்மா. சில்லறை நாங்க எடுக்க மாட்டோம்.”

அம்மா நாணயங்களைத் திரும்ப முடிந்துகொண்டார். நாணயத்தின் எடையும் அனுப்பும் செலவும் அதன் மதிப்பையே தின்றுவிடும் என்பதால் பணம் மாற்றுவோர் பொதுவாக அதைத் தொடுவதில்லை. இதில் வேடிக்கையான ஒரு சங்கதி உண்டு. நம் அந்நியச் செலாவணி விதிப்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டு நோட்டுகளை 2,000 டாலர் மதிப்பு வரைதான் கையில் வைத்துக்கொள்ளலாம். நாணயங்களுக்கோ வரம்பே கிடையாது! எத்தனை குடம் நிரப்பினாலும் சட்டம் கேட்காது.

இனி அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். அன்றைய விலையை எழுதினால் அச்சாகும் முன்பே பழசாகிவிடும். ஆகவே கணக்குக்காக டாலரின் நடு விலை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முடியும்வரை அதே 90. நடு விலை என்பது வங்கிகள் தங்களுக்குள் டாலரை வாங்கி விற்றுக்கொள்ளும் சந்தையின் மையப் புள்ளி. நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடும். 2018 ஜூலையிலிருந்து எஃப்பிஐஎல் என்ற அமைப்பு வேலைநாள்தோறும் மதியவாக்கில் அதை ஓர் ஒப்பீட்டு விலையாக வெளியிடுகிறது. அதற்கு முன் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. எவரும் இணையத்தில் பார்க்கலாம், காசு கிடையாது.

இந்த 90-ஐச் சுற்றித்தான் கடைப் பலகையின் எண்கள் நிற்கின்றன. ‘வாங்கும் விலை’ 88.50. ‘விற்கும் விலை’ 91.80. நம்மில் பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறோம். வாங்குவது யார், விற்பது யார்? பலகை கடைக்காரரின் வாயால் பேசுகிறது. அவர் நம்மிடம் டாலர் வாங்கும் விலை 88.50, நமக்கு விற்கும் விலை 91.80. நூறு டாலரைக் கொடுத்து 8,850 ரூபாய் வாங்கிவிட்டு, மனம் மாறி அதே நூறு டாலரைத் திரும்பக் கேட்டால் 9,180 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். 330 ரூபாய் போயிற்று! ரசீதை எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் ‘கட்டணம்’ என்ற வரியில் அந்த 330 இருக்காது. விலைக்குள்ளேயே கரைந்திருக்கிறது, பாயசத்தில் வெல்லம் போல.

“அண்ணாச்சி, இது நியாயமா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. நோட்டைப் பூட்டி வைக்க வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும், சேர்ந்ததைப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும், நடுவில் விலை சரிந்தால் நஷ்டத்தைத் தாங்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினார். சொல்வது உண்மைதான். நோட்டைக் கையாளுவது செலவுள்ள தொழில். எந்த வங்கியின் தினசரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும், கணக்குக்குக் கணக்கு மின்வழியில் வரும் பணத்துக்கு நல்ல விலையும், நோட்டுக்கு அதைவிட மோசமான விலையும் இருக்கும். அந்தப் பட்டியலுக்கு வங்கிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கார்டு ரேட்’. நம் பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! காலையில் தயாராகும் விலை அட்டை என்பதால் அந்தப் பெயர். ‘டிடி பையிங்’ (TT Buying) என்ற கட்டத்தில் இருப்பது மின்வழிப் பணத்தை வங்கி வாங்கும் விலை. நமக்கு வரும் பணத்துக்கு அந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டியிலும் ஒரு மூலை இருக்கிறது. நாணயம் மாற்றுவதற்கான வரியை முழுத் தொகைக்கும் போடுவதில்லை. பெரும்பாலும் பின்பற்றும் முறைப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் ஒரு சதவீதம் ‘சேவை மதிப்பு’, ஆனால் குறைந்தது 250 ரூபாய். அந்தச் சேவை மதிப்பின் மேல்தான் 18 சதவீத வரி. 250-க்கு 18 சதவீதம் என்றால் 45 ரூபாய். ஆக, 25,000 ரூபாய் மாற்றினாலும் 45, வெறும் 500 ரூபாய்க்கு மாற்றினாலும் அதே 45. சிறுகச் சிறுக மாற்றுகிறவருக்குத்தான் அடி.

இவ்வளவும் கேட்டு முடித்தபோது எனக்குச் சட்டென்று ஆரல்வாய்மொழி ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். சமஸ்தானமாக இருந்தவரை அதற்குத் தனி நாணயம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் ஓடியது பிரிட்டிஷ் ரூபாய். அதன் விலை 28 சக்கரம் 8 காசு. இருபத்தெட்டரைச் சக்கரம்! இரண்டும் ரூபாய்தான், இடையில் அரைச் சக்கரம். காற்று ஊளையிடும் அந்த ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாணயம் மாறிவிடும். நம் நாஞ்சில் நாட்டு வியாபாரிகளுக்கு அந்நியச் செலாவணி என்பது கப்பலேறிப் பார்க்க வேண்டிய அதிசயமாக இருக்கவில்லை. வண்டி மாட்டைப் பூட்டினால் அரை நாளில் வந்துவிடும்.

வெள்ளிச் சக்கரம் எவ்வளவு சின்னது தெரியுமா? சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. கையால் எண்ணினால் பொழுது விடிந்துவிடும். அதற்காகவே சக்கரப் பலகை என்று ஒன்று இருந்தது. வரிசை வரிசையாகக் குழி தோண்டிய மரப்பலகை. மேலே ஒரு பிடி சக்கரத்தை அள்ளிப் போட்டு லேசாக ஆட்டினால் குழிக்கொன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சம் வழிந்துவிடும். பலகை நிறைந்தால் எண்ணிக்கை சரி! இன்றைக்குக் கடையில் படபடவென்று நோட்டு எண்ணும் இயந்திரத்தைப் பார்த்தபோது, அந்தப் பலகையின் பேத்தி என்றுதான் எனக்குத் தோன்றியது.

அரைச் சக்கரத்தைச் சதவீதமாக்கினால் ஏறக்குறைய 1.8 வருகிறது. அது அரசாங்கமே வெளிப்படையாக வைத்திருந்த கணக்கு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு எத்தனை என்று கேட்டால் 28 சக்கரம் 8 காசு என்று வாய்ப்பாடு போலப் பதில் வரும். இப்போது நம் வங்கி அட்டைகளில் பலவற்றுக்கு வெளிநாட்டுச் செலவின் மேல் வைக்கும் கூடுதல், ‘மார்க்கப்’ என்கிறார்களே அது, 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு 413 ரூபாய். பழைய அரைச் சக்கரம் இரண்டுக்கு மேல்! நம்மில் எத்தனை பேருக்கு அந்த எண் தெரியும்? அட்டையோடு வந்த பொடி எழுத்துத் தாளில் இருக்கிறது. கடைசியாக யார் படித்தது?

அட்டைக்குள்ளேயும் ஒரு எட்டு எட்டிப் பார்ப்போம். துபாயில் ஒரு கடையில் 400 திர்ஹாமுக்குப் பொருள் வாங்குகிறீர்கள். அட்டையைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் ஒரு கேள்வி வருகிறது: திர்ஹாமில் கட்டுகிறீர்களா, இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா? சொந்த ஊர்ப் பணத்தின் பெயரைக் கண்டதும் மனசு குளிர்கிறது, விரல் தானாக ரூபாய்க்குப் போகிறது. நிறுத்துங்கள்! ‘டிசிசி’ என்று தொழில்காரர்கள் சொல்லும் ஏற்பாடு இது. ரூபாயைத் தொட்ட நொடியில் மாற்று விலையை முடிவு செய்யும் உரிமை கடைக்கும் அதன் வங்கிக்கும் இயந்திரம் நடத்தும் நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. நடு விலைக்கு மேல் அவர்கள் வைக்கும் லாபத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதோடு விட்டதா? ரூபாயிலேயே கட்டியிருந்தாலும், கடை வெளிநாட்டில் இருப்பதால், நம் ஊர் வங்கிகளில் சில தனியாக ஒரு சதவீதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு இணையதளத்தில் ரூபாய் விலை பார்த்து வாங்கும்போதும் இப்படி நேரலாம்.

திர்ஹாமைத் தொட்டிருந்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னலின் அன்றைய விலை பொருந்தும். அது நடு விலைக்கு மிக அருகில் இருக்கும். அவர்களே தங்கள் தளத்தில் நாள்தோறும் போடுகிறார்கள். அதன்மேல் நம் வங்கியின் மார்க்கப் மட்டும் ஏறும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தைத் தொடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி கொஞ்சம் மிரட்டலாக வரும். மாற்று விலையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து ஏற்றுக்கொள்கிறவர்கள் நிறைய. மறுத்தாலும் பணம் வரும். நம் வங்கியின் விலையில் வரும், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த வித்தையைக் கண்டு சும்மா இருக்கவில்லை. 2019-இல் ஒரு சட்டம் போட்டு, 2020 ஏப்ரலிலிருந்து, டிசிசி விலை ஐரோப்பிய மத்திய வங்கியின் ஒப்பீட்டு விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு எண்! அதைத் திரையில் போட்டுவிட்டால் மனிதர்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். நம் நாட்டு இயந்திரங்களிலும் அந்த எண் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வர வேண்டும் என்பது என் மனப்பூர்வமான ஆசை. ஏனென்றால் இதே நாடகம் தலைகீழாகக் கன்னியாகுமரியிலும் நடக்கிறது. விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணி விடுதியில் அட்டையை நீட்டும்போது, யூரோவா ரூபாயா என்று இயந்திரம் கேட்கலாம். அவருக்கும் சொந்தப் பணத்தைக் கண்டால் மனசு குளிரத்தானே செய்யும்?

இனிமேல்தான் எனக்குத் தலை சுற்றிய பகுதி. வளைகுடாப் பணம்!

குளச்சல், முட்டம், தூத்தூர் கரைகளிலிருந்து வளைகுடாப் படகுகளுக்குப் போன ஆட்கள் எத்தனை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போன செவிலியர்கள் எத்தனை! அவர்கள் மாதாமாதம் அனுப்பும் பணம் கடலைத் தாண்டி வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அண்ணாச்சி சிரித்தார். “பணம் எங்க சார் தாண்டுது? செய்திதான் தாண்டுது.”

வளைகுடாவின் நாணய மாற்று நிறுவனங்கள் பல, இந்திய வங்கிகளில் முன்கூட்டியே ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி அனுமதித்த இந்த முறைக்கு ரூபாய் ட்ராயிங் ஏற்பாடு என்று பெயர். ஒரு மகன் துபாயில் திர்ஹாமைக் கட்டியதும் அங்கிருந்து ஒரு செய்தி வரும். இங்கே ஏற்கனவே கிடக்கும் ரூபாயிலிருந்து எடுத்துக் குளச்சல் கணக்கில் போடுவார்கள். அவன் அம்மாவுக்குக் கிடைக்கும் ரூபாய் அரபிக்கடலைப் பார்த்ததே இல்லை! மாற்று விலை அங்கே, அந்தத் துபாய்க் கவுண்டரில் முடிவாகிவிடுகிறது. இங்கே வந்து யாரிடம் கேட்டும் பயனில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. குவைத்திலும் பஹ்ரைனிலும் கத்தாரிலும் துபாயிலும் ஓடியதே இந்திய ரூபாய்தான். 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் நோட்டு அச்சிட்டது. 1961-இல் குவைத் விலகிக்கொண்டது, 1965-இல் பஹ்ரைன். 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலர் 4.76-லிருந்து 7.50 ஆனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

இன்று வளைகுடா நாணயங்களில் பல டாலரோடு கட்டப்பட்டவை. 1997-லிருந்து ஒரு டாலர் 3.6725 திர்ஹாம், அசையாமல். சவூதி ரியால் என்றால் 3.75. கத்தார் ரியால் 3.64. இதன் அர்த்தம் புரிந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்! டாலரின் நடு விலை தெரிந்தால் போதும், திர்ஹாமின் உண்மை விலையை நாமே கண்டுபிடித்துவிடலாம். நம் 90-ஐ 3.6725-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24 ரூபாய் 50 பைசா. 3.75-ஆல் வகுத்தால் ரியால் சரியாக 24 ரூபாய். கைப்பேசிக் கணக்குப் பொறி போதும்.

இப்போது ‘கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போட்ட ஓர் இடத்துக்குப் போங்கள். திர்ஹாமுக்கு 24.20 தருகிறார்கள் என்று வையுங்கள். உண்மை விலைக்கும் இதற்கும் 30 பைசா. 2,000 திர்ஹாம் அனுப்பினால் 600 ரூபாய். கட்டணம் இல்லை என்று எழுதியிருந்ததே? விலைக்குள் இருந்தது. பக்கத்துக் கடையில் 15 திர்ஹாம் கட்டணம் கேட்டு, 24.45 விலை தந்தால்? கட்டணம் போக 1,985 திர்ஹாமுக்கு 48,533 ரூபாய். முதல் கடையில் 48,400. கட்டணம் வாங்கிய கடைதான் 133 ரூபாய் அதிகம் தந்தது! உலக வங்கி நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தையும் விலை வித்தியாசத்தையும் கூட்டித்தான் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி உலகச் சராசரி, 200 டாலர் அனுப்ப 6 சதவீதத்துக்கு மேல். 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தது போன்ற பாலங்கள் பெருகினால் அது நடக்கும்.

ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஸ்விஃப்ட் என்ற வங்கிச் செய்தி வலைப்பின்னல் வழியாகப் பணம் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வழியில் இடைத்தரகு வங்கி ஒன்று தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அனுப்புகிறவர் படிவத்தில் ‘அவர்’ என்று ஒரு தேர்வு இருக்கும். ஆங்கிலத்தில் ‘எங்களது’ என்று பொருள். அதைக் குறித்தால் செலவு முழுக்க அனுப்புகிறவர் தலையில் விழும், முழுத் தொகை இங்கே வந்துசேரும். ‘ஷா’ என்றால் பங்கிட்டுக்கொள்வது. நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மதியம் கடையை விட்டு வெளியே வந்தபோது அந்தச் சிவப்புப் பலகை முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எனக்கு அதை வாசிக்கத் தெரிந்தது!

விடுதி நடத்தும் அன்பர்களே, வெளிநாட்டு விருந்தாளி அட்டை நீட்டும்போது இயந்திரத்தை அவர் பக்கம் திருப்பி, ரூபாயைத் தொடச் சொல்லுங்கள். வளைகுடாவில் இருக்கும் மக்களே, இந்த மாதச் சம்பளம் வந்ததும் டாலரின் நடு விலையை 3.6725-ஆல் வகுத்துப் பாருங்கள். சவூதி என்றால் 3.75. கவுண்டரில் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, “எங்க வீட்டுல எத்தனை ரூபாய் கிட்டும்?” என்று கேளுங்கள். அதே கேள்வியை இன்னும் இரண்டு கவுண்டரில் கேட்டுவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.